சம்பங்கி, சம்பிகெ, சுகந்தராஜா: ஒரு பச்சை மணத்தின் வரலாறு

ஆய்வேட்டில் இடம்பெறாது என்று நெறியாளர் ஒதுக்கிவைத்த குறிப்புகளிலிருந்து எழுதுகிறேன். சற்றே நீண்ட பதிவு, பொறுமையுள்ளோர் படிக்கலாம்.

கொள்ளேகாலிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் சாலையில், ஹனூரைக் கடந்தபின் வரும் ஊர் கௌதள்ளி. கொள்ளேகால் வட்டம் 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மொழிவழி மாநிலப் பிரிப்பில் மைசூர் மாநிலத்துக்குச் சென்று மைசூர் மாவட்டத்தின் பகுதியாயிற்று; 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டமானபோது அதனுடன் போனது. ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது, தலைநகரங்கள்தாம் மாறின. தமிழும் கன்னடமும் அன்றாடம் கலந்து புழங்கும் இவ்வூரின் பெயரிலேயே ஒரு மொழி வரலாறு ஒளிந்திருக்கிறது. ஈற்றிலுள்ள ‘அள்ளி’, கன்னட ‘ஹள்ளி’யின் தேய்வு. அந்த ஹள்ளி நம் ‘பள்ளி’யேதான். பத்தாம் நூற்றாண்டுக்குப் பின் படிப்படியாகக் கன்னடத்தின் சொன்முதல் பகரம் ஹகரமாகி, பேச்சில் அதுவும் உதிர்ந்தது. பால் ஹாலானது, பூ ஹூவானது. ஆகவே கௌதள்ளியின் கடைத்தெருவில் ஒருத்தி ‘பூ’ என்பதும் அடுத்தவள் ‘ஹூ’ என்பதும் ஆயிரம் ஆண்டு இடைவெளியில் நிற்கும் ஒரே சொல்.

பூவின் பொதுப்பெயரில் இத்தகைய ஒழுங்கான உறவு இருக்கையில், ஒரு குறிப்பிட்ட பூவின் பெயரில் பெருங்குழப்பம் நிலவுகிறது. தமிழர் ‘சம்பங்கி’ என்று சொன்னால், நீண்ட தண்டில் அடுக்கடுக்காக மலரும், மாலை கட்டுவதற்குக் கிலோக் கணக்கில் விற்கப்படும் வெள்ளைப் பூவைக் குறிக்கிறோம். கன்னடத்தவர் காதில் அது ‘சம்பிகெ’ என்று விழுகிறது. அவர்களுக்குச் சம்பிகெ என்பது மரத்தில் பூக்கும் மஞ்சள் மலர், அதாவது நம் செண்பகம். நம் சம்பங்கிக்கு அவர்கள் இட்ட பெயர் ‘சுகந்தராஜா’, மணங்களின் அரசன். களப்பணியின் தொடக்க வாரங்களில் மலர்ப்பெயர்ப் பட்டியல் ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தபோது, ஒரே வீட்டில் மாமியார் சம்பங்கி என்றதும் மருமகள் சம்பிகெ என்றதும் இரு வேறு தாவரங்கள் என்பது, இரண்டையும் தொட்டுக் காட்டச் சொன்ன பிறகே தெளிவாயிற்று. மாமியார் தமிழ், மருமகள் கன்னடம். இருவரும் பல ஆண்டுகளாக இதைப் பற்றி ஒருமுறைகூடச் சண்டையிட்டதில்லை என்பதையும் பதிவுசெய்ய வேண்டும்.

பெயர் வந்த வழியைப் பார்ப்போம். வடமொழிச் சம்பகம் தென்னக மொழிகளில் பலவாறு திரிந்தது. மல்லிகா மல்லிகெ ஆனதைப் போலக் கன்னடத்தில் சம்பகை சம்பிகெ ஆயிற்று. தெலுங்கில் சம்பங்கி, சம்பெங்க என்ற வடிவங்கள். தமிழில் சண்பகம், செண்பகம். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 மலர்களுள் சண்பகமும் ஒன்று. ஆனால் இன்றைய நம் சம்பங்கியை அந்தப் பட்டியலில் தேடிப் பயனில்லை. அது கபிலர் காணாத கண்டத்துப் பூ.

மெக்சிகோவின் பூ அது. அங்குள்ள நாவாட்ல் மொழியில் அதன் பெயர் ‘ஓமிஷோசிட்ல்’. ஓமிட்ல் என்றால் எலும்பு, ஷோசிட்ல் என்றால் பூ, எலும்புப்பூ. மொட்டின் வெண்மையையும் மெழுகுத்தன்மையையும் பார்த்தவர்களுக்கு இப்பெயர் விளங்கும். ஸ்பானியர் வழியாக அது ஐரோப்பாவுக்குச் சென்றது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் செவில் நகர மருத்துவர் சிமோன் தே தோவாரிடமிருந்து அதன் கிழங்கைப் பெற்ற தாவரவியலார் குளூசியஸ், அதை இந்திய ஹயசிந்த் என்ற வகையில் வைத்து எழுதினார். இங்கே ‘இந்திய’ என்பது நம்மைக் குறிப்பதன்று. அமெரிக்காவையும் இந்தியத் தீவுகள் என்றே அழைத்த காலம் அது. இந்தியா என்ற பெயரைத் தவறாகச் சுமந்து ஐரோப்பாவில் நுழைந்த மலர், பின்னர் உண்மையான இந்தியாவுக்கு வந்து இங்கேயே பிறந்ததுபோல் ஊன்றிவிட்டது.

வந்த பூவுக்கு இந்திய மொழிகள் பெயரிட்ட விதம் தனி ஆய்வுக்குரியது. வங்காளமும் இந்தியும் ‘ரஜனிகந்தா’ என்றன. மராத்தி ‘நிசிகந்தா’ என்றது. பாரசீக வழி உருதுவில் ‘குல்ஷப்போ’. மூன்றும் இரவின் மணத்தையே பேசுகின்றன. வெண்ணிறமும் இரவில் மிகும் மணமும் அந்துப்பூச்சிகளை அழைப்பதற்காக அமைந்தவை. அவ்வகையில் வடக்கு இந்தப் பூவின் வாழ்க்கையையே பெயராக்கியது. கன்னடம் அரசனாக்கியது. தமிழும் தெலுங்கும் எந்த அலங்காரமும் இன்றி, ‘நிலச்சம்பங்கி’ என்றும் ‘நேலசம்பெங்கி’ என்றும் தரையில் வைத்தன.

இந்த ‘நில’ எனும் முன்னொட்டைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். நிலவேம்பு வேம்பன்று, வேம்பைப் போல் கசக்கும் சிறு செடி. நிலப்பனை பனையன்று. அறிந்த மரம் ஒன்றின் பெயரை எடுத்து, அதை நினைவூட்டும் தரைத்தாவரத்துக்கு ‘நில’ சேர்த்து வழங்குவது தமிழின் பழைய வகைப்பாட்டு உத்தி. மரத்தில் மணக்கும் சம்பங்கி ஒன்று முன்னரே இருந்தது. தரையில் கிழங்கிலிருந்து எழுந்து அதுபோல் மணப்பது நிலச்சம்பங்கி. பிறகு பேச்சில் ‘நில’ உதிர்ந்தது. உதிரவே, மரத்துக்குச் செண்பகம் என்ற பெயர் மட்டும் எஞ்ச, சம்பங்கி என்ற பெயர் முழுவதும் வந்தேறிக்கு உரிமையாயிற்று. ‘ங்கி’ என்ற ஈற்றைப் பார்க்கையில் இவ்வடிவம் தெலுங்கு வழியாகத் தமிழுக்கு வந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

ஆங்கிலத்தில் நேர்ந்தது இதைவிட வேடிக்கை. கிழங்குடையது என்னும் பொருள்கொண்ட இலத்தீன் ‘தூபெரோசா’, ஆங்கிலத்தில் ‘டியூபரோஸ்’ ஆனது. அதை ‘டியூப்’, ‘ரோஸ்’ என்று பிரித்துப் படித்து, ஏதோ ஒருவகை ரோஜா என்று எண்ணுவோர் இன்றும் உளர். ரோஜாவுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. லின்னேயஸ் 1753இல் போலியாந்தெஸ் தூபெரோசா என்று பெயரிட்ட அதை, அண்மைக் காலத் தாவரவியலார் அகேவ் பேரினத்துக்கு மாற்றிவிட்டனர். அதாவது வேலியோரத்து ஆனைக்கற்றாழையின் நெருங்கிய உறவினர் இது. திருமண மேடையில் தொங்கும் மாலையும் ஆட்டைத் தடுக்கும் வேலியும் ஒரே குடும்பம்.

இனி மணத்துக்கு வருவோம். இப்பதிவை எழுதத் தூண்டியது அதுவே.

சம்பங்கி எளிதில் விரும்பத்தக்க மணமன்று. பதினான்காம் லூயி மன்னனின் திரியானோன் மாளிகைத் தோட்டத்தில் இப்பூ மிகுதியாக நடப்பட்டிருந்ததையும், அதன் மணத்தின் கனம் தாங்காமல் மன்னனும் அவையோரும் தோட்டத்தைவிட்டே வெளியேறியதைத் தாம் கண்டதையும் சேன்-சிமோன் எழுதியிருக்கிறார். வேதியியல் இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. சம்பங்கியின் மணக்கூறுகளில் மெத்தில் சாலிசிலேட் உண்டு; தசைவலிக்குத் தடவும் களிம்புகளின் மணம் அதுதான். மெத்தில் பென்சோயேட் உண்டு. யூக்கலிப்டஸ் தைலத்தை நினைவூட்டும் சினியோல் உண்டு. வெண்ணெயையும் தேங்காய்ப்பாலையும் நினைவூட்டும் லாக்டோன்கள் உண்டு. சிற்றளவில் இந்தோல் உண்டு. மல்லிகையிலும் இருக்கும் இந்தச் சேர்மம் செறிந்த நிலையில் சாணத்தையும் பூச்சி உருண்டையையும் நினைவுபடுத்தும். மருந்து, வெண்ணெய், அழுகல் ஆகிய மூன்றும் ஒரே மூச்சில் வந்தால் மூக்கு எதை ஏற்பது, எதை மறுப்பது?

தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. மல்லிகை கூந்தலுக்குரியது, சம்பங்கி மாலைக்குரியது. மணமக்களுக்கும் தெய்வத்துக்கும் அரசியல் தலைவருக்கும் அதே மாலை. பிணத்துக்கும் அதே மாலை. என் பதினோராம் வயதில் பாட்டி இறந்தார். குளிர்ப்பெட்டியின் கண்ணாடி மேல் அடுக்கிய மாலைகள் வெயிலில் வதங்கத் தொடங்கிய மாலைப்பொழுதில், ஊதுவத்தியோடு கலந்து எழுந்த மணமே எனக்குச் சம்பங்கியாக நிலைத்துவிட்டது. அதன்பின் எந்தத் திருமணத்திலும் மேடைக்கு அருகில் அமர்ந்ததில்லை. இது எனக்கு மட்டும் உரியதன்று என்பதைப் பலரிடம் கேட்டு அறிந்திருக்கிறேன். ‘சாவு வீட்டு வாசனை’ என்று சம்பங்கியைச் சொல்வோர் நம்மிடையே குறைவல்லர்.

இந்நிலையில் சென்ற ஆண்டு, வெளிநாட்டில் பணிபுரியும் தோழி ஒருத்தி இரண்டு மில்லிலிட்டர் நறுமணத் திரவியத்தைச் சிறு குப்பியில் தந்தாள். பிரெதெரிக் மால் நிறுவனத்துக்காக தொமினிக் ரோபியோன் 2005இல் உருவாக்கிய ‘கார்னல் ஃபிளவர்’. முழுக் குப்பியின் விலை ஓர் ஆய்வு மாணவரின் ஒரு மாத உதவித்தொகையைக் கேட்கும் என்பதால் அதன் சிறப்பை நான் முன்பு அறிந்திருக்க வாய்ப்பில்லை. பெயரின் பொருள் தசைமலர், உடலின்பத்தின் மலர். நாவாட்ல் மக்கள் எலும்பைக் கண்ட இடத்தில் பிரெஞ்சுக்காரர் தசையைக் கண்டிருக்கிறார்கள் என்று அன்றே குறிப்பேட்டில் எழுதிவைத்தேன்.

முதல் முறை மணிக்கட்டில் ஒரு துளி. தைலம் தடவிய முழங்கால், நறுக்கிய பச்சைத் தண்டு, குளிர். பத்து நிமிடத்தில் கழுவிவிட்டேன். இரண்டாம் முறை ஒரு மணி நேரம் பொறுத்தேன். தைலம் விலகியபின் பாட்டியின் குளிர்ப்பெட்டி வந்து நின்றது. மீண்டும் கழுவினேன். குப்பி பெட்டிக்குள் போயிற்று. அதை விலையைக் கருதியே தூக்கியெறியவில்லை. கௌதள்ளிக்குச் சென்றபோது, குறிப்பேடுகளுக்கிடையே அதுவும் வந்திருந்தது.

மேற்கொண்டு சொல்லுமுன் மணத்தைக் குறிக்கும் சொற்களைப் பற்றிச் சிறிது பேச வேண்டும். இது என் துறை.

‘நாற்றம்’ என்ற சொல்லின் வீழ்ச்சி பலரும் அறிந்ததே. திருக்குறள் ஐம்புல உணர்வுகளை அடுக்குகையில் முகர்தலுக்குரியதை நாற்றம் என்றே கூறுகிறது. அங்கே நல்லது கெட்டது என்ற பேதம் இல்லை. ஆண்டாள், திருமாலின் வாயமுதம் எப்படி மணக்கும் என்று வெண்சங்கைக் கேட்கும் பாசுரத்தில் கையாள்வது ‘நாறு’ என்ற வினையைத்தான். இன்று அப்பாசுரத்தை வகுப்பில் படித்தால் மாணவர்கள் சிரிக்கிறார்கள். கன்னடத்தில் ‘நாறு’, ‘நாத’ ஆகியவையும், மலையாளத்தில் ‘நாற்றம்’ என்பதும் இதே பள்ளத்தில் விழுந்துள்ளன. ஆனால் எல்லாச் சொற்களும் எல்லா மொழிகளிலும் ஒருசேர விழுவதில்லை. கமழ் என்பதோடு உறவுடைய ‘கம்பு’ என்ற சொல், பகரத்தை வல்லொலியாக உச்சரிக்க, கன்னடத்தில் நறுமணம், தெலுங்கிலோ துர்நாற்றம். ‘வாசனை’ தமிழில் பெரும்பாலும் இனியது. பேச்சுக் கன்னடத்தில் ‘வாசனெ வருகிறது’ என்றால் பல சமயம் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும், நல்லதற்கு அவர்களிடம் ‘பரிமள’ உண்டு. மலையாளத்தில் ‘மணம்’ இருபுறமும் சாயும். ஒரு மொழியின் பூ அடுத்த மொழியின் சாக்கடை. கௌதள்ளி போன்ற ஊரில் இந்த எல்லைக்கோடு ஒரே நாக்கின் மேல் ஓடுகிறது.

இன்னொன்று. கெட்ட மணத்துக்குத் தமிழிலுள்ள நுட்பம் நல்ல மணத்துக்கு இல்லை. ஆட்டின் மொச்சை வேறு, மீனின் கவிச்சி வேறு, முடை வேறு, வீச்சம் வேறு, ஊசல் வேறு, மக்கல் வேறு. நல்ல மணம் என்று வந்தால் பொருளின் பெயரைச் சொல்லி மணம் என்று முடித்துவிடுகிறோம்: மல்லிகை மணம், சந்தன மணம். 2014இல் ஆசிஃபா மஜித், நிக்லஸ் பூரன்ஹுல்ட் ஆகியோர் மலேசியத் தீபகற்பத்து ஜஹாய் மக்களின் மொழியை ஆராய்ந்து, நிறங்களுக்கு நாம் சொற்கள் வைத்திருப்பதுபோல் அவர்கள் மணங்களுக்குப் பொருள்சாராத தனிச்சொற்கள் வைத்திருப்பதையும், ஆங்கிலம் பேசுவோர் தடுமாறும் இடத்தில் அவர்கள் விரைவாகவும் ஒத்த கருத்தோடும் மணத்தைப் பெயரிடுவதையும் காட்டினர். மணத்தைச் சொல்ல மொழியால் இயலாது என்ற பழைய நம்பிக்கை அதனால் ஆட்டங்கண்டது. நம் மொச்சையும் கவிச்சியும் அத்தகைய சொற்களே என்பதை இதுவரை யாரேனும் முறையாக எழுதியிருந்தால் சுட்டுங்கள், நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இந்த வரிசையில் ஒரு சொல் எனக்குப் பயன்பட்டது: பச்சை. ‘பச்சை வாசனை போகும்வரை வதக்கவும்’ என்பது தமிழ்ச் சமையலின் முதல் விதி. வெங்காயம், தக்காளி, மசாலா ஆகிய எதிலும் பச்சை வாசனை எஞ்சினால் அது குறை. விரட்டுவதற்கென்றே நாம் பெயரிட்டு வைத்திருக்கும் மணம் அது. ஐரோப்பிய நறுமணக் கலையிலோ பச்சை என்பது ஒரு பேறு. ஜெர்மேன் செல்லியே என்ற பெண், ஆண்கள் நிறைந்திருந்த அத்துறையில் 1947இல் பால்மேன் நிறுவனத்துக்காக ‘வான் வேர்’, அதாவது பச்சைக் காற்று என்னும் திரவியத்தைச் செய்தார். கால்பனம் என்ற பிசினின் கசப்பான பச்சை மணத்தை அதுவரை யாரும் துணியாத அளவில் அதில் கொட்டினார். அடுத்த ஆண்டே, 1948இல், ரொபேர் பிகே நிறுவனத்துக்காக ‘ஃபிரகா’ செய்தார். இன்றளவும் சம்பங்கித் திரவியங்களின் தாய் என்று கருதப்படுவது அதுதான். ஆனால் ஃபிரகாவில் சம்பங்கி வெண்ணெயாகவும் சர்க்கரையாகவும் அலங்கரிக்கப்பட்டு நின்றது. 1999இல் செர்ஜ் லுத்தான்சுக்காக கிறிஸ்தோபர் ஷெல்ட்ரேக் செய்த ‘தூபெரோஸ் கிரிமினெல்’, மாறாக, பூவின் தைல வாடையை மறைக்காமல் முன்னால் நிறுத்தியது. ரோபியோன் 2005இல் செய்தது இவ்விரண்டுக்கும் நடுவே: பறித்த தண்டின் பச்சையும் யூக்கலிப்டஸின் குளிர்ச்சியும் முதலில், வெண்ணெயும் தேங்காயும் பிறகு.

இதை அறிந்த பின்னரே குப்பியை மூன்றாம் முறை திறந்தேன். கௌதள்ளியில் மழை பெய்து ஓய்ந்த மாலை. ‘மருந்து’ என்று சொல்வதற்குப் பதிலாகப் ‘பச்சை’ என்று வலிந்து சொல்லிப் பார்த்தேன். அரை மணி நேரம் சென்றது. கழுவவில்லை. நான்காம் முறை காலையில், ஐந்தாம் முறை பேருந்தில். ஏறத்தாழ மூன்று வாரத்தில் முதல் பத்து நிமிடத்துக்காகவே காத்திருக்கத் தொடங்கினேன். முன்பு சகிக்க முடியாதது எதுவோ அதற்காகவே.

உளவியலார் ராபர்ட் சயோன்க் 1968இல் முன்வைத்த கருத்துப்படி, ஒரு பொருளை மீண்டும் மீண்டும் எதிர்கொள்வதே அதன்மீதான விருப்பத்தைக் கூட்டும். இதை முழுமையாக ஏற்க எனக்குத் தயக்கம். வெறும் பழக்கமே போதுமெனில், எத்தனை சாவு வீடுகளிலும் திருமணங்களிலும் சம்பங்கியை முகர்ந்திருக்கிறேன். எப்போதோ பிடித்திருக்க வேண்டும். மாறியது மூக்கு அன்று, மூக்குக்குக் கிடைத்த சொல் என்றே கருதுகிறேன். மொழியியல் படித்தவள் இப்படித்தான் சொல்வாள் என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள்.

சொல்லுக்கு இன்னொரு சான்றும் கிடைத்தது. எனக்குத் தகவலாளியாக இருந்த, மலைக்குச் செல்லும் பக்தர்களுக்கு மாலை கட்டி விற்கும் மூதாட்டி ஒருவர் இருக்கிறார். வீட்டில் தமிழ், கடையில் கன்னடம். ஒருநாள் காகிதத் துண்டில் திரவியத்தைத் தொட்டு நீட்டினேன்.

“ஆயா, இது என்ன பூன்னு சொல்லுங்க பாக்கலாம்.”

இரண்டு முறை முகர்ந்தார். “சம்பங்கி.”

“வாசனை எப்படி இருக்குதுங்க?”

“வாசனெ எங்கிருந்து வருது? இது வாசம் அம்மிணி. வாசனென்னா சாயங்காலம் மிஞ்சிப்போற பூவுல வருமே, அது. இது விடியறதுக்கு முன்னால மொட்டாப் பறிச்சது. காம்புப் பச்சை இன்னும் போகல பாரு.”

நான் அவரிடம் பச்சை என்ற சொல்லைச் சொல்லவே இல்லை. பாரிசில் வேதியியல் கற்றவர்கள் குப்பிக்குள் அடைக்க முயன்ற நேரம் எது என்பதை, அன்றாடம் அதே நேரத்தில் அதே பூவைக் கையாளும் ஒருவர் நொடியில் சொல்லிவிட்டார். மேலும், வாசனை என்ற சொல்லைக் கன்னடப் பொருளிலும் வாசம் என்ற சொல்லைத் தமிழ்ப் பொருளிலும் நிறுத்தி, நம் பொதுத்தமிழில் இல்லாத ஒரு வேறுபாட்டை அவர் தமக்கென வைத்திருக்கிறார். ஒருவரின் பேச்சை வைத்து ஊரின் வழக்கு என்று சொல்ல முடியாது. எனினும் இதைக் கலப்பு என்றும் சிதைவு என்றும் ஒதுக்கும் தமிழாசிரியர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர் பேரப்பிள்ளைகள் கன்னட வழிப் பள்ளியில் படிக்கிறார்கள், அது இயல்பே. அவர்களுக்கு வாசனெ இருக்கும், பரிமள இருக்கும். இந்த வாசம் இருக்குமா என்பது ஐயம்.

அவர் சொன்ன ‘விடியறதுக்கு முன்னால’ என்பதற்கு ஒரு தொழில் வரலாறும் உண்டு. மல்லிகையையும் சம்பங்கியையும் பறித்த பின்னும் அவை மணத்தை உருவாக்கிக்கொண்டே இருக்கும். கொதிநீராவியில் காய்ச்சி வடித்தால் அந்த மணம் கெட்டுவிடும். அதனால் பிரான்சின் கிராஸ் நகரத்தார் கண்ணாடித் தட்டில் கொழுப்பைப் பூசி, அதன்மேல் பூக்களைப் பரப்பி, வாடியதை எடுத்துப் புதியதை வைத்து, கொழுப்பே மணமாகும்வரை காத்திருந்தனர். கைகள் பல வேண்டிய அந்த முறை 20ஆம் நூற்றாண்டில் வழக்கொழிந்து, ஹெக்சேன் கரைப்பானால் பிரித்தெடுக்கும் முறை வந்தது. அதிலும் ஏறத்தாழ ஒரு டன் பூவுக்கு ஒரு கிலோ அளவிலேயே மெழுகுப்பதச் சாறு கிடைக்கும். அதை மேலும் தூய்மையாக்கினால் இன்னும் குறையும். நாளடைவில் இந்தத் தொழில் பூ மலிவாகவும் கூலி குறைவாகவும் உள்ள இடத்தைத் தேடி வந்தது. இன்று உலகத் திரவியங்களுக்குச் செல்லும் சம்பங்கிச் சாற்றின் பெரும்பகுதி தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் பறித்த பூவிலிருந்து வருவது. பெங்களூரு ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் சிருங்கார், சுவாசினி, பிரஜ்வல், வைபவ் என்ற இரகங்களை வெளியிட்டது. உதிரிப்பூவுக்கு இங்கே விரும்பிப் பயிரிடப்படும் பிரஜ்வல், சிருங்காருக்கும் மெக்சிகோ ஒற்றையடுக்கு இரகத்துக்கும் பிறந்த கலப்பு. எலும்புப்பூவின் பழைய ஊர் அந்தப் பெயரில் இன்னும் எட்டிப் பார்க்கிறது.

சத்தியமங்கலம் பக்கத்தில் விடியலில் பறித்த பூ காலையிலேயே சந்தைக்கு வர வேண்டும். முகூர்த்த நாளில் விலை ஏறும், மறுநாள் விழும். 2020 ஊரடங்கின்போது திருமணமும் கோயிலும் இல்லாமல் பறித்த பூவை விவசாயிகள் கொட்டியதை நாளிதழ்களில் பார்த்திருப்பீர்கள். அத்தகைய வயல் ஒன்றிலிருந்து கிளம்பிய சாறு கடல் கடந்து பாரிசில் தசைமலராகி, இரண்டு மில்லிலிட்டராகத் திரும்பி, 27 கொண்டை ஊசி வளைவுகளுக்கு இப்பால், பழைய கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஓர் ஊருக்கு வந்திருக்கலாம். மைசூர் என்றதும் நினைவுக்கு வருவது சந்தனம். இக்காடுகளின் சந்தனத்துக்கும் ஒரு வரலாறு உண்டு, எல்லோரும் அறிந்தது, அதை எழுதப் பலர் இருக்கிறார்கள். மாலை கட்டும் பூவை எழுதுவோர் குறைவு.

சென்ற மாதம் உறவினர் திருமணத்தில் மேடைக்கு இரண்டாம் வரிசையில் அமர்ந்தேன். மணமக்கள் மாலையில் பச்சை எப்போதோ போய்விட்டிருந்தது. வெண்ணெய் கட்டத்தில் இருந்தது. பாட்டி வந்தார். எழுந்து போகவில்லை.

அடுத்த கட்டப் பட்டியலுக்காகக் கேட்கிறேன்: உங்கள் ஊரில் நிலச்சம்பங்கி என்ற முழுப்பெயர் இன்னும் வழங்குகிறதா? கொடிச்சம்பங்கியை என்னவென்று சொல்கிறீர்கள்? குறிப்பாகத் தாளவாடி, பர்கூர், மேட்டூர், பாலாறு பகுதியினர், ஊர்ப்பெயரோடு எழுதினால் உதவியாக இருக்கும்.